பெட்டகத்தில் பூட்டிய மைக்

கோக்தரக் கூட்டுப்பண்ணை
12 மார்ச் 1989

அன்புத் தம்பி நெமத்துக்கு,

அக்கா மஸ்தூராவின் சலாம். உடம்பு எப்படி இருக்கிறது? தாஷ்கெண்டில் குளிர் விட்டதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் குளிர் போன பிறகும் போகவில்லை. ஸிலோலாவுக்கு முடி மறுபடி வளர்ந்துவிட்டது. இரட்டைப் பின்னல் போடுகிறேன். அவள் அப்பா நன்றாக இருக்கிறார்.

உனக்கு எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன். போன செப்டம்பரில் பருத்தி இலையை உதிர்க்க விமானம் மருந்து அடித்தது. அடித்த அன்றைக்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுபோய் அதே வயலில் பருத்தி எடுக்க இறக்கிவிட்டார்கள். உன் மருமகள் மூக்கில் ரத்தம் வழிய வரப்பிலே விழுந்தாள். மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முடியெல்லாம் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. டாக்டர், "கெட்டுப்போன முலாம்பழம் சாப்பிட்டிருப்பா" என்று எழுதினார்.

என் வேலை உனக்குத் தெரியும். காலையில் ஒலிபரப்பு அறையைத் திறந்து நான் ஆம்ப்ளிபயரைப் போட்டால்தான், தெருக் கம்பி வழியாகப் பண்ணையில் எல்லா வீட்டுச் சுவர்ப்பெட்டியும் வாய் திறக்கும். செய்தி, பாட்டு, நடுவில் தலைவர் துர்தியேவின் அறிவிப்பு. ஸிலோலா விழுந்த பிறகு, அவர் பேசுகிற மைக்கில் ஒருநாள் நான் பேசினேன். "ஏழாம் வயலுக்கு மருந்து அடிச்சிருக்காங்க. பிள்ளைகளை அனுப்பாதீங்க" என்றேன். அவ்வளவுதான். தலைவர் ஜீப்பில் வந்து இறங்கி, மைக்கை வயரோடு பிடுங்கிக்கொண்டு போனார். இப்போது அது அவர் ஆபீஸ் இரும்புப் பெட்டகத்தில் இருக்கிறது. "நீ சுவிட்சைப் போடு, அணை. பேசுறத நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த மெஷினை ஓட்ட வேறு ஆள் இல்லை, அதனால் வேலையில் வைத்திருக்கிறார்.

எனக்கு ஒரு மைக் வேண்டும். கடையில் கேட்டால் மறுநாளே அவர் காதுக்குப் போய்விடும். நீ ராணுவத்தில் ரேடியோக்காரனாக இருந்தவன். அடுத்த செப்டம்பருக்குள் எனக்குச் செய்யச் சொல்லிக் கொடு. ஞாயிற்றுக்கிழமை டிரங்க் கால் போடட்டுமா? பேசினால் சீக்கிரம் புரியும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா மஸ்தூரா


தாஷ்கெண்ட்
2 ஏப்ரல் 1989

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி நெமத்தின் சலாம். அம்மாவின் முழங்காலுக்குக் களிம்பு அனுப்புகிறேன், சூடாகத் தேய்க்கச் சொல்லுங்கள். நான் நலம். சுவிட்ச் செய்கிற பட்டறையில் வேலை. மூன்று வேளையும் வயிறு நிறைகிறது.

ஸிலோலாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் பென்சிலை எடுத்து மைக்கின் படத்தை வரையத் தொடங்கினேன். டிரங்க் கால் வேண்டாம் அக்கா. தபால் ஆபீஸில் வரிசை பெரிது. எழுதினால் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எளிதானது. உடைந்த டெலிபோன் ஒன்று தேடுங்கள். பேசுகிற பக்க மூடியைத் திருகினால் வட்ட வில்லை ஒன்று கையில் விழும். உள்ளே கரித்தூள். குரல் பட்டால் தூள் நெருங்கும், விலகும். அதற்கேற்பக் கரண்ட் கூடும், குறையும். மைக் என்பது அவ்வளவுதான், மந்திரம் ஒன்றுமில்லை. பழைய சுவர்ப்பெட்டிக்குள் இருக்கிற சின்ன டிரான்ஸ்பார்மரைக் கழற்றுங்கள். தடித்த கம்பி வரும் பக்கத்தில் வில்லையையும் டார்ச் பாட்டரியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துவிடுங்கள். மெல்லிய கம்பிப் பக்கம் ஆம்ப்ளிபயருக்குப் போகட்டும். முதலில் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஊருக்கு விடாதீர்கள்.

அத்தானைப் பற்றி ஒரே வரிதான் எழுதினீர்கள். இன்னும் விமானத்துக்கு வயலில் நின்று கொடி காட்டுகிறாரா?

தங்கள் தம்பி
நெமத்


கோக்தரக்
7 மே 1989

என் தம்பிக்கு,

சலாம். களிம்பு வந்தது. அம்மா அதைத் தேய்த்துக்கொண்டு, "தாஷ்கெண்ட் மருந்து வாசனையாத்தான் இருக்கு" என்கிறாள். வலி போனதா என்றால், "வாசனை நல்லாருக்கு" என்கிறாள். நீ சுகமா? இருமல், காய்ச்சல் ஏதும் இல்லையே?

டெலிபோன் கிடைத்தது. எங்கே என்று கேட்காதே. நீ சொன்னபடி கோர்த்தேன். மதியம் ஒலிபரப்பு இல்லாத நேரத்தில் ஸிலோலாவைப் பேசவிட்டு ஹெட்போன் போட்டுக்கொண்டேன். பேச்சு வருகிறது நெமத்! ஆனால் அடுப்பில் ஏதோ வறுபடும்போது அதற்குள்ளிருந்து அவள் பேசுகிற மாதிரி வருகிறது. போகப்போகக் குரல் அடங்கி, கடைசியில் ஒன்றுமே இல்லை. இரண்டு தட்டுத் தட்டினால் உயிர் வருகிறது, மறுபடி செத்துவிடுகிறது.

சால்டர் வைக்கும்போது துர்தியேவ் உள்ளே வந்துவிட்டார். "என்ன மஸ்தூரா, புகை?" என்றார். "புருவத்துக்கு மை காய்ச்சுறேன் தலைவரே" என்றேன். "ஒலிபரப்பு அறையிலயா?" "வீட்ல காய்ச்சினா மாமியார் பங்கு கேக்கறாங்க." சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. என் பிள்ளை விழுந்த அன்றைக்கும் அவர் இப்படித்தான் சிரித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

வறுபடும் சத்தத்தை என்ன செய்வது? சீக்கிரம் எழுது.

உன் அக்கா


தாஷ்கெண்ட்
20 மே 1989

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நான் நலம்.

வறுவல் என்றால் எந்த வறுவல்? சூரியகாந்தி விதை மாதிரிப் படபட என்றா, கொழுப்பில் கறி போட்டமாதிரி விடாமல் சொய் என்றா? விதை என்றால் தூள் ஈரம். கறி என்றால் பாட்டரி அதிகம். ஆனால் தானாகச் செத்துப்போகிறது என்கிறீர்கள். தூள் கட்டிதட்டிப் போகிறது. அவசரத்தில் கைவிடுகிற சாமான் நமக்கு வேண்டாம், அதை விட்டுவிடுங்கள்.

வேறு வழி சொல்கிறேன். சுவர்ப்பெட்டியே மைக்காகும். கரண்ட் கொடுத்தால் அதன் காகிதக் கூம்பு அதிர்ந்து பேசுகிறது. நீங்கள் கூம்பின்முன் பேசினால் அது அதிர்ந்து, துளி கரண்டைத் திருப்பித் தரும். அந்தத் துளியைப் பெருக்க ஒரு டிரான்சிஸ்டர் போதும். அல்வா டப்பாவில் சாமான் அனுப்புகிறேன், அடியில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் கால்களில் நூல் கட்டியிருக்கிறேன். சிவப்பு நூல் பெட்டியிலிருந்து வரும் கம்பிக்கு, வெள்ளை ஆம்ப்ளிபயருக்கு, கறுப்பு எர்த்துக்கு. மற்றதைப் படமாக வரைந்திருக்கிறேன். கால் சூட்டில் கருகாமல் இடுக்கியால் பிடித்துக்கொண்டு பற்றவையுங்கள்.

போன தடவை அத்தானைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

தம்பி நெமத்


கோக்தரக்
18 ஜூன் 1989

என் நெமத்துக்கு,

சலாம். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, வாதுமைக் காய் எல்லாம் வெம்பி விழுகிறது. நாங்கள் சுகம்.

பெட்டி பேசுகிறது! சுவரில் மாட்டிய இடத்திலேயே மாட்டியிருக்கிறேன், யாருக்கும் சந்தேகம் வராது. குரல் தெளிவாக, என் குரலாகவே வருகிறது. முதல் நாள் மட்டும் பயந்துபோனேன். அறையில் இன்னொரு பெட்டி ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். அது பேசியதை இது கேட்க, இது பேசியதை அது பேச, இரண்டும் சேர்ந்து ஊளையிட்டதில் வாசல் நாய் பதிலுக்கு ஊளையிட்டது. அதை அணைத்ததும் சரியாயிற்று.

ஆனால் அடியில் ஒரு உறுமல். நான் பேசினாலும் பேசாவிட்டாலும் இருக்கிறது. எழுதிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. பண்ணை மன்றத்து டேப் ரிக்கார்டரில் பிடித்து, கேசட்டை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசியில் அம்மாவும் பேசியிருக்கிறாள். அவள் சொல்வதை நான் எழுதக் கூடாதாம். "என் வாயாலதான் சொல்லுவேன், அவன் என் குரலக் கேக்கட்டும்" என்கிறாள். முழுதும் கேள்.

உன் அக்கா மஸ்தூரா


தாஷ்கெண்ட்
1 ஜூலை 1989

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். கேசட் வந்தது, கேட்டேன். வேலை அருமை. என் கூட வேலை செய்கிறவர்களிடம், என் அக்கா மைக் செய்திருக்கிறார் என்று சொன்னேன்.

உறுமல் நான் நினைத்ததுதான். இருந்தாலும் எழுதுங்கள்: தடித்த சத்தமா, மெலிந்ததா? ஆம்ப்ளிபயரின் இரும்பு உடம்பைத் தொட்டால் குறைகிறதா? குறைந்தால் எர்த் சரியில்லை. வாய்க்கால் ஓரம் ஈரமண்ணில் இரும்புக் கம்பி ஒன்றை முழங்கை ஆழத்துக்கு அடித்து, அதிலிருந்து வயர் இழுத்துக் கட்டுங்கள். பெட்டியிலிருந்து வரும் வயர்மேல் தேயிலைப் பொட்டலத்து ஈயத்தாளைச் சுற்றி, அந்தத் தாளையும் எர்த்தில் சேருங்கள். ஓர் இடத்தில் மட்டும் சேருங்கள்.

அம்மாவின் குரலைக் கேட்டது இதமாக இருந்தது. ரவ்ஷன் மாமாவுக்கு என் சலாம். இந்த வருஷ முலாம்பழத்தில் எனக்கு ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தம்பி நெமத்


கோக்தரக்
9 ஜூலை 1989

நெமத்,

சலாம். எர்த் அடித்தேன், தாள் சுற்றினேன். உறுமல் போய்விட்டது. இப்போது நான் பேசாமல் இருக்கும்போது எங்கோ தூரத்தில் ஒருவன் துர்க்மேன் பாஷையில் பாடுகிறான். அவனை எப்படி வெளியேற்றுவது?

ரவ்ஷன் மாமா ஜூன் மாத ஆரம்பத்தில் இறந்துவிட்டார். அம்மா கேசட்டில் சொன்னது அதைத்தான். சொல்லிவிட்டு அழுதாள். நான் நிறுத்தக்கூட மறந்து அப்படியே ஓடவிட்டிருந்தேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது கடைசி வரிகளை விட்டுவிட்டேன்.

டிரங்க் கால் வேண்டாம் என்றாய். இரண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை. சத்தம் தடித்ததா, மெலிந்ததா என்று என்னிடம் கேட்கிறாய். நெமத், உன் காதுக்கு என்ன?

அக்கா


தாஷ்கெண்ட்
28 ஆகஸ்ட் 1989

அக்காவுக்கு,

சலாம். இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டாம். மன்னிக்காமல் படியுங்கள்.

ராணுவத்தில் என் கடைசி வருஷம், சண்டை நடந்த இடத்துச் சாலையில் எங்களுக்கு முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் ஏறியது. கைகால் எல்லாம் அப்படியே இருக்கிறது. காது இரண்டும் போய்விட்டது. ரேடியோக்காரனுக்குக் காது போனால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். "பாவம், நெமத்" என்னும். அந்தப் பாவத்தைக் கேட்காமலே முகத்தில் பார்க்க வேண்டியிருக்கும் என்றுதான் வரவில்லை. நான் வேலை செய்வது காது கேளாதவர்களின் பட்டறை. நீங்கள் யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

ஆனால் ஒன்று. நான் உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு சர்க்யூட்டையும் இங்கே செய்து பார்த்துத்தான் எழுதினேன். காதில்லாவிட்டால் என்ன, மீட்டர் இருக்கிறது. முள் ஆடினால் குரல் வருகிறது. யாரும் பேசாதபோது நடுங்கினால் உறுமல். போன மாதம் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக மைக்கில் கத்தச் சொன்னேன். பிறவியிலிருந்து பேசாதவன் கூடக் கத்தினான். யார் குரலுக்கு முள் அதிகம் போகிறது என்று பந்தயம். காவல்காரர் யாரையோ வெட்டுகிறார்கள் என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தார். துர்சுனோய் என்ற பெண் ஜெயித்தாள். முள் கடைசிவரை போய் முட்டியது.

துர்க்மேன் பாடகனை வெளியேற்ற, சிவப்பு நூல் காலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இத்துடன் வரும் சின்ன கண்டென்சரை வையுங்கள். வயரைக் குட்டையாக வெட்டுங்கள். போய்விடுவான்.

அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மூடி மறைத்துச் சொல்லாதீர்கள். மாமாவுக்காக இங்கே துஆ செய்தேன்.

நான் எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. அத்தான்?

நெமத்


கோக்தரக்
24 செப்டம்பர் 1989

என் கண்ணான தம்பிக்கு,

சலாம். உன் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் படித்தேன். அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கேக்காட்டி என்ன? நான் திட்டுறது என் மூஞ்சியப் பாத்தாலே அவனுக்குத் தெரியும். வரச் சொல்லு" என்றாள்.

ஸிலோலாவின் அப்பா இன்னும் கொடிதான் பிடிக்கிறார். வயல் முனையில் நின்று கொடியை ஆட்ட, அதைப் பார்த்து விமானம் அவர் தலைமேல் மருந்தைக் கொட்டிக்கொண்டு போகும். கைத்தோல் உரிகிறது. காலையில் இருமினால் துண்டில் சிவப்பு. அவர் எதுவும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. பிள்ளை விழுந்த வயலுக்குக் கொடி காட்டியவர் அவர்தான். அதனால்தான் உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

போன திங்கட்கிழமை சாயங்காலம் கொடியைக் கதவோரம் சாத்திவிட்டு உட்கார்ந்தார். தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "நாளைக்கு ஏழும் ஒன்பதும். விடியறதுக்குள்ள அடிச்சிடுவாங்க. பசங்களையும் அங்கதான் இறக்கப்போறாங்க" என்றார்.

"எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"உன் பெட்டிக்குத்தான் சொல்றேன்."

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

காலையில் செய்திக்கு முன்னால் சொன்னேன். "கோக்தரக் மக்களே, மஸ்தூரா பேசுறேன். ஏழாம் வயலுக்கும் ஒன்பதாம் வயலுக்கும் இப்பத்தான் மருந்து அடிச்சிருக்காங்க. டிரெய்லர் வந்தா பிள்ளைகளை ஏத்தாதீங்க. வீட்ல வச்சுக்கோங்க."

குரல் நடுங்கவில்லை, நெமத். நடுங்கும் என்று நினைத்திருந்தேன்.

துர்தியேவ் வேளாண்மை அதிகாரியையும் இழுத்துக்கொண்டு வந்தார். மேஜையைப் புரட்டினார்கள். நாற்காலி மெத்தையைக் கிழித்தார்கள். என் கைப்பையைக் கொட்டினார்கள். தலைக்கு மேலே சுவரில் பெட்டி பாட்டுப் பாடாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"மைக் எங்க?"

"உங்க பெட்டகத்துலதானே இருக்கு, தலைவரே."

"விளையாடாத மஸ்தூரா!"

"நீங்கதானே பூட்டினீங்க? வேற மைக் இந்தப் பண்ணையில ஏது?"

அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதிகாரியையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் ஆபீசுக்குப் போனார், பெட்டகத்தைத் திறந்து பார்க்க. அந்தச் சமயத்தில் இன்னொரு முறை சொல்லிவிட்டேன், முதல் தடவை தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்காக.

டிரெய்லர் காலியாகப் போயிற்று. அதில் ஏறி உட்கார்ந்தவர்கள் தலைமை ஆசிரியரும் இரண்டு ஆசிரியைகளும்தான்.

சாயங்காலம் என் சாவியை வாங்கிவிட்டார்கள். வேலை போயிற்று. ஒலிபரப்பு அறைக்குப் பெரிய பூட்டாகப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் இன்னும் பத்து வயலுக்கு அடிக்க வேண்டும். நான் என்ன செய்யட்டும்?

உன் அக்கா மஸ்தூரா


தாஷ்கெண்ட்
30 செப்டம்பர் 1989

அக்காவுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தை இங்கே கையால் எல்லோருக்கும் சொன்னேன். பெட்டகம் திறக்கப் போன இடத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள்.

அறையைத்தானே பூட்டினார்கள்? கம்பி உங்கள் தெரு வழியாகத்தானே போகிறது! ஒலிபரப்பு இல்லாத நேரத்தில், தெரு முனைக் கம்பத்தில் உங்கள் தெருவுக்குப் பிரியும் இரண்டு கம்பிகளைப் பெரிய லைனிலிருந்து கழற்றுங்கள். வீட்டு ரேடியோகிராமே இனி ஆம்ப்ளிபயர். அதன் ஸ்பீக்கர் கம்பிகளை, பழைய பெட்டிகளில் கிடைக்கும் டிரான்ஸ்பார்மர் மூன்றின் வழியாக, தலைகீழாக, தெருக் கம்பிக்குக் கொடுங்கள். தடித்த பக்கம் ரேடியோகிராமுக்கு, மெல்லிய பக்கம் தெருவுக்கு. ஒரு தெரு தாங்கும். பேசி முடித்ததும் பழையபடி மாட்டிவிடுங்கள்.

ஒரு தெரு போதாதே என்பீர்கள். இந்தப் பார்சலில், சுவர்ப்பெட்டியை மைக்காக்கும் டிரான்சிஸ்டர் பலகை ஆறு இருக்கிறது. ஐந்தை நான் செய்யவில்லை. துர்சுனோயும் மற்றவர்களும் செய்தார்கள். தெருவுக்கு ஒன்று கொடுங்கள்.

அத்தானைக் கொடியைக் கீழே போடச் சொல்லுங்கள். உங்கள் தம்பி சொன்னதாகச் சொல்லுங்கள்.

நெமத்


கோக்தரக்
12 நவம்பர் 1989

தம்பி நெமத்துக்கும், துர்சுனோய்க்கும், பலகை செய்த எல்லோருக்கும்,

கோக்தரக்கின் ஆறு தெருவும் சலாம் சொல்கிறது. உங்கள் எல்லோருடைய கைகளும் நலமாக இருக்கட்டும்.

முதலில் எங்கள் தெரு மட்டும். அடுத்த வாரம் வாய்க்கால் தெருக்காரி ஒருத்தி வந்து, "அந்தப் பலகைய எனக்கும் குடு. என் பொண்ணும் பருத்திக்குத்தான் போறா" என்றாள். பிறகு மற்றவர்கள். ஒரு தெருவில் கம்பியை மாற்றிக் கொடுத்து, காலையெல்லாம் உறுமல் மட்டும் கேட்டதாம். போய்ப் பார்த்தால் எர்த் கம்பியைக் காய்ந்த மண்ணில் அடித்திருக்கிறார்கள். வாளித் தண்ணீர் ஊற்றினேன், பேசியது.

துர்தியேவ் என் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடி, "மைக்கைக் குடுத்துடு, உன் வேலையத் திருப்பித் தரேன்" என்றார்.

"எந்த மைக், தலைவரே? ஆறு இருக்கு. நீங்க ஒவ்வொரு வீடா போய்க் கேக்கணும்."

உள்ளே அம்மா இருந்தாள். ரேடியோகிராம் சூடாகத்தான் இருந்தது. அவள் பெட்டிமுன் உட்கார்ந்து, அவர் பெயரைச் சொல்லி, அவர் அப்பா பெயரையும் சொல்லித் திட்டத் தொடங்கினாள். "உன் பேரன எந்த வயல்ல எறக்கினே, சொல்லு? அவன மட்டும் ஏன்டா பட்டணத்துப் பள்ளிக்கூடத்துல போட்ட?" தெரு முழுதும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் அதே குரல். அவர் போன வழியெல்லாம் அம்மா அவரோடு கூடவே போனாள்.

பிறகு மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஐந்தாம் வகுப்புக்குக் கீழே பிள்ளைகளை வயலுக்குக் கூப்பிடவில்லை. பெரிய பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள், மருந்து அடித்த வயலுக்கு அல்ல. என் இடத்தில் துர்தியேவின் மருமகனை வைத்திருக்கிறார்கள். எந்த வயலுக்கு எப்போது அடிக்கிறார்கள் என்று முந்தின நாள் சாயங்காலமே அவன் தடுமாறித் தடுமாறி வாசிக்கிறான். நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு வயல் விட்டுப்போனாலும் ஆறு தெரு பேசும். அது அவனுக்கும் தெரியும்.

நான் இப்போது பருத்தி எடுக்கிறேன். முதுகு ஒடிகிறது. வாய் ஒடியவில்லை.

ஸிலோலாவின் அப்பா கொடியை ஆபீஸ் மேஜைமேல் வைத்துவிட்டு, "நீங்களே போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நுரையீரலில் புண். இந்தத் தடவை டாக்டர் முலாம்பழம் என்று எழுதவில்லை. எழுதவிடாமல் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தேறிவிடுவார் என்கிறார்கள். பார்க்கலாம்.

நீ எப்போது வருகிறாய்?

அக்கா மஸ்தூரா


தாஷ்கெண்ட்
3 டிசம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். அத்தானின் உடம்பு எப்படி இருக்கிறது? இதோடு வரும் தேன் அவருக்கு. அம்மா பேசியதை துர்சுனோய் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். நவ்ரூஸ் பண்டிகைக்கு வருகிறேன். வந்தால் என் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். கத்த வேண்டாம், ஒரு பிரயோஜனமும் இல்லை.

இங்கே நடந்ததையும் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் தகடு வெட்டுகிற அழுத்து மெஷின் ஒன்று உண்டு. அது இறங்குவதற்கு முன்னால் மணி அடிக்கும். காது கேளாதவர்கள் பட்டறையில் மணி! விளக்கு வையுங்கள் என்று எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தோம். "அடுத்த வருஷம்" என்பார் டைரக்டர். போன மாதம் ஒருவனுக்கு இரண்டு விரல் போயிற்று.

கூட்டம் போட்டார்கள். டைரக்டர் மேடையில் நின்று பேசினார். கையால் எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, லீவாம். மீன் மாதிரி வாய் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எழுந்தேன். காது போனதிலிருந்து நான் நாலு பேர் முன்னால் பேசியதில்லை, என் குரல் எப்படி வருமோ என்று வெட்கம். அன்றைக்குப் பேசினேன். "விரலுக்கு எத்தனை மணி அடிச்சீங்க?" என்று கேட்டேன். எவ்வளவு சத்தமாக வந்ததோ தெரியாது. மேஜைமேல் தேநீர் நடுங்கியது, அதைப் பார்த்தேன். டைரக்டர் கூட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்களே வயர் இழுத்தோம். மெஷின் இறங்குவதற்கு முன்னால் இப்போது பட்டறையின் நாலு மூலையிலும் சிவப்பு விளக்கு எரிகிறது.

திங்கட்கிழமை டைரக்டர் வந்து விளக்கைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. என்னிடம்தான் வந்தார். உதட்டை நன்றாகவே படித்தேன்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?" என்றார்.

நான் பட்டறை முழுதும் ஒருமுறை கையைச் சுற்றிக் காட்டினேன்.

"இங்க யாருக்கும் கேக்காது, ஐயா."

உங்கள் தம்பி
நெமத்